தொடுதல், சுவை, மணம்: இழந்தவர்களிடமிருந்து நாம் தெரிந்துகொண்டவை

1947-ஆம் ஆண்டு, செங்கல்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்க வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலிருந்து ஓர் அறுவைசிகிச்சை மருத்துவர் வந்தார். பெயர் பால் பிராண்ட். கொல்லிமலையில் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்து, லண்டனில் மருத்துவம் படித்துவிட்டு வேலூருக்கு வேலைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. விரல்கள் உள்பக்கமாக மடங்கிப்போயிருந்த ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து, முடிந்தவரை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். அந்தக் கையில் பெரிதாக வலு இருக்காது என்பது அவர் எண்ணம். நோயாளி பிடித்த பிடியில் பிராண்டுக்குக் கை வலித்து, விடச் சொல்ல வேண்டியதாயிற்று. தான் இவ்வளவு அழுத்துகிறோம் என்பதே அந்த மனிதருக்குத் தெரியவில்லை.

தசை உயிரோடுதான் இருக்கிறது, உணர்ச்சிதான் போய்விட்டது. பிராண்டின் பிற்கால வேலை முழுவதும் அந்தக் கைகுலுக்கலிலிருந்து தொடங்கியது என்றே சொல்லலாம். தொழுநோய் வந்தால் விரல் அழுகித் தானாக உதிர்ந்துவிடும் என்று அப்போது மருத்துவர்களே நம்பிக்கொண்டிருந்தார்கள். வேலூரில் பிராண்டும் அவருடைய கூட்டாளிகளும் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடிப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். ஒருவர் அடுப்பில் கையை விட்டிருப்பார். இன்னொருவர் கூர்மையான பிடியுள்ள மண்வெட்டியால் நாள் முழுக்க வெட்டியிருப்பார். துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் பிராண்ட் திணறியபோது, ஒரு சிறுவன் வந்து சாவியை ஒரே திருகில் திருப்பினான். பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரியும் அளவுக்கு வெட்டுப்பட்டிருந்தது, அவன் அதைக் கவனிக்கவே இல்லை. சிலருக்கு இரவு தூங்கி எழுந்தால் விரலில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. அது பெரிய மர்மமாக இருந்தது. இரவில் விழித்திருந்து பார்த்தபோது, எலி வந்து கடிப்பது தெரிந்தது. அதற்கப்புறம் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள்.

தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை நாடும். தோல், மூக்கு, முழங்கை போன்ற இடங்களில் தோலை ஒட்டி ஓடும் நரம்புகள் ஆகியவைதான் அதற்கு ஏற்ற இடம். அங்கே நரம்பைப் பொதிந்திருக்கும் செல்களில் குடியேறுகிறது. விரல்களை அது தின்பதில்லை. நரம்பு செத்தபின், வலி தெரியாத விரலைத் தினசரி வாழ்க்கை கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கிறது. இந்த உண்மை இன்னும் நம் ஊர்களில் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை என்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம். கூட்டு மருந்து சிகிச்சை 1980-களிலிருந்தே இருக்கிறது, அரசு மருத்துவமனைகளில் இலவசம், நோய் முழுதாகக் குணமாகிறது. ஆனாலும் அந்த மடங்கிய விரல்களைப் பார்த்து ஒதுங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

சரி, அந்தக் கைகளில் இருந்து போனது என்ன? விரல் நுனித் தோலுக்குள் தொடுதலைப் பிடிக்கும் நரம்பு முனைகள் ஒரே வகை இல்லை. மெர்க்கெல் செல்களோடு சேர்ந்த முனைகள் விளிம்பையும் வடிவத்தையும் சொல்கின்றன. சட்டைப்பைக்குள் கையை விட்டு, பார்க்காமலே ஐந்து ரூபாய் நாணயத்தை எடுப்பது அவற்றின் உதவியால்தான். மெய்ஸ்னர் உறுப்புகள் தோலின் மேல் ஏதாவது லேசாக வழுக்கினாலே சொல்லிவிடும். எவர்சில்வர் டம்ளர் கையிலிருந்து நழுவத் தொடங்கும்போது, நாம் யோசிக்கும் முன்பே பிடி இறுகுவது இதனால்தான். ஆழத்தில் இருக்கும் பசினியன் உறுப்புகள் அதிர்வுக்கானவை. ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான அசைவைக்கூட அவை உணரும். ரஃபினி முனைகள் தோல் இழுபடுவதைக் கவனிக்கின்றன. இவற்றோடு சூடு, குளிர், வலி ஆகியவற்றுக்கு உறை எதுவும் இல்லாத மெல்லிய நரம்பு முனைகள் தனியாக உண்டு.

எல்லா இடத்திலும் இவை ஒரே அடர்த்தியில் இல்லை. 1830-களில் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் வெபர் ஒரு கவராயத்தின் இரண்டு முனைகளைத் தோலில் வைத்து இதை அளந்தார். விரல் நுனியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே இரண்டு முனை என்று தெரிகிறது. முதுகில் ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் விலக்கினால்தான் தெரிகிறது. கொண்டை ஊசியை வளைத்து யாரும் வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். பிரெய்ல் எழுத்தில் புள்ளிக்குப் புள்ளி இடைவெளி சுமார் இரண்டரை மில்லிமீட்டர். விரல் நுனியால் பிரித்தறிய முடிகிற எல்லைக்கு மிக அருகில் அது அமைந்திருக்கிறது.

ஓர் அழுத்தம் எப்படி நரம்பில் மின்சமிக்ஞையாக மாறுகிறது என்பது இந்த நூற்றாண்டு வரை விடை தெரியாத கேள்வியாக இருந்தது. பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆர்டெம் படபூட்டியன் அதற்கு விடை கண்டார். நுண்ணிய கண்ணாடி முனையால் குத்தினால் மின்சாரம் காட்டும் ஒரு வகைச் செல்லை அவருடைய குழு முதலில் தேர்ந்தெடுத்தது. பிறகு சந்தேகத்துக்குரிய 72 மரபணுக்களை எடுத்து, ஒவ்வொன்றாகச் செயல்படாமல் அடைத்துப் பார்த்தது. கடைசி மரபணுவை அடைத்தபோதுதான் செல் குத்தலுக்கு அசையாமல் நின்றது. அந்த மரபணு உருவாக்கும் புரதத்தின் பெயர் பியசோ-1, அது 2010-இல் வெளிவந்தது. அதன் உடன்பிறப்பான பியசோ-2 தான் நம் தோலில் மென்மையான தொடுதலுக்கான வாசல். செல்லின் சவ்வு இழுபட்டதும் இந்த வாசல் திறக்கிறது, மின்னூட்டம் கொண்ட அயனிகள் உள்ளே பாய்கின்றன, நரம்பு விழிக்கிறது. 2021-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பிறப்பிலேயே பியசோ-2 வேலை செய்யாத சிலரை அமெரிக்க மருத்துவர்கள் 2016-இல் விவரித்தார்கள். அவர்களுக்குப் பஞ்சின் தொடுதல் தெரியாது. அதைவிட முக்கியமாக, கண்ணை மூடினால் தன் கை எங்கே இருக்கிறது, கால் எங்கே இருக்கிறது என்பது தெரியாது. கண் திறந்திருந்தால் ஓரளவு நடக்கிறார்கள், கண்ணைக் கட்டினால் தடுமாறி விழுகிறார்கள். தொடுவுணர்வு என்று நாம் சாதாரணமாகச் சொல்வதற்குள் நம் உடலின் நிலையை நமக்கே சொல்லும் இந்த அறிவும் அடக்கம். அது இருப்பதே தெரியாமல்தான் நாம் மாடிப்படி ஏறுகிறோம்.

கால் விரலைக் கட்டில் காலில் இடித்துக்கொண்டால், இடித்தது முதலில் தெரிகிறது, எரியும் வலி ஒரு நொடி கழித்து வருகிறது. தொடுதலைச் சுமக்கும் தடித்த நரம்பு நொடிக்கு 35 முதல் 75 மீட்டர் வேகத்தில் செய்தி அனுப்பும். எரியும் வலியைச் சுமக்கும் மெல்லிய நரம்பின் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் அளவுதான். இதே மெல்லிய வகையில், வலிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு குழுவும் இருக்கிறது. உரோமம் உள்ள தோலை நொடிக்கு ஒன்று முதல் பத்து சென்டிமீட்டர் வேகத்தில் இதமாக வருடினால் மட்டும் அவை நன்றாக விழிக்கின்றன. தாய் குழந்தையின் முதுகைத் தடவிக்கொடுக்கும் வேகம் அதற்குள்தான் வரும். தொட்ட பொருள் என்ன என்பதைப் பற்றி இந்த நரம்புகள் எதுவும் சொல்வதில்லை. ஆறுதலை மட்டும் சுமப்பதற்கென்று உடலில் தனி நரம்பு இருக்கிறது என்பதைப் படித்தபோது நான் அசந்துபோனேன்.

பிராண்ட் 1966-இல் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். போன வலியைச் செயற்கையாகத் திருப்பித் தர முடியுமா என்று அங்கே பல ஆண்டுகள் முயன்றார். கையுறையில் அழுத்தம் அளக்கும் கருவிகளைப் பொருத்தி, அழுத்தம் கூடினால் ஒலி எழுப்ப வைத்தார்கள். நோயாளிகள் ஒலியைக் கேட்டார்கள், ஆனால் கையில் எடுத்த வேலையை விடவில்லை. மின்அதிர்ச்சி தரும்படி மாற்றினார்கள். செய்தே ஆகவேண்டிய வேலை என்றால், சுவிட்சை அணைத்துவிட்டு வேலையை முடித்தார்கள். வலி என்பது செய்தி மட்டும் என்றால் இந்தக் கருவி வெற்றி பெற்றிருக்கும். அலட்சியம் செய்ய முடியாததாகவும், நம் விருப்பத்துக்கு அணைக்க முடியாததாகவும் இருப்பதால்தான் அது நம்மைக் காப்பாற்றுகிறது. திட்டம் கைவிடப்பட்டது.

இந்தக் கதை தொழுநோயோடு முடிந்திருந்தால் பழைய வரலாறு என்று விட்டுவிடலாம். சர்க்கரை நோய் அதை ஒவ்வொரு தெருவுக்கும் கொண்டுவந்துவிட்டது. பல வருடச் சர்க்கரை நரம்புகளைச் சேதப்படுத்தும்போது, மிக நீளமான நரம்புகள் முதலில் அடிபடும். அதனால்தான் பாதம் முதலில் மரத்துப்போகிறது. செருப்புக்குள் கிடக்கும் கல் தெரியாது, வெயிலில் சுடும் தார்ரோடு தெரியாது. ஆறாத புண், கடைசியில் விரலையோ காலையோ எடுப்பதில் போய் நிற்கும். தொழுநோயாளிகளின் பாதங்களுக்காகப் புழக்கத்துக்கு வந்த மெத்தென்ற எம்.சி.ஆர் ரப்பர் செருப்பை இன்று சர்க்கரை நோயாளிகள் வாங்கிப் போடுகிறார்கள். பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க ஒரு நைலான் இழை போதும். பத்து கிராம் விசையில் வளையும் அந்த இழையை உள்ளங்காலில் சில இடங்களில் வைத்து, தெரிகிறதா என்று கேட்பார்கள். இரண்டு நிமிடச் சோதனை. சர்க்கரைக்கு மாத்திரை வாங்குகிற எல்லோருக்கும் வருடம் ஒருமுறையாவது இது நடக்க வேண்டும். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டுப் பாதத்தைப் பார்க்காமல் அனுப்புவது பாதி வைத்தியம்தான்.

சுவையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் நாக்கின் வேலை நாம் நினைப்பதைவிடக் குறைவு. நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு, ஓரத்தில் புளிப்பு என்று பள்ளியில் படித்த நாக்குப் படம் தவறு. 1901-இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் இடத்துக்கு இடம் மிகச் சிறிய வேறுபாடு இருப்பதாக எழுதினார். பிற்பாடு எட்வின் போரிங் 1942-இல் எழுதிய உளவியல் நூலில் அந்தச் சிறிய வேறுபாடு பெரிதாகத் தோன்றும்படி வரையப்பட்டு, அங்கிருந்து பாடப்புத்தகங்களுக்குப் பரவியது. சுவை அரும்புகள் உள்ள எல்லா இடத்திலும் எல்லாச் சுவையும் தெரியும். அண்ணத்திலும் தொண்டையிலும்கூட அரும்புகள் உண்டு. ஒவ்வொரு அரும்பிலும் 50 முதல் 100 செல்கள். அவற்றுக்கு ஆயுள் பத்து நாள், இரண்டு வாரம் என்ற அளவில்தான். சூடான காபியில் சுட்டுக்கொண்ட நாக்கு சீக்கிரம் சரியாவது இந்தப் புதுப்பித்தலால். வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெறுகிறவர்களுக்குச் சுவை போவதும் இதே காரணத்தால், வேகமாகப் பிரியும் செல்களைக் கதிர் முதலில் தாக்குகிறது. பலருக்குச் சில மாதங்களில் திரும்பிவிடும். ஆனால் அந்த மாதங்களில் சாப்பிட முடியாமல் மெலிந்துபோகிறவர்கள், சோறு மண்ணாக இருக்கிறது என்று சொல்லும்போது அது சாக்குப்போக்கு இல்லை என்பதை வீட்டில் இருப்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

சுவைப் பொருளைப் பிடித்து அடையாளம் காணும் புரதத்தை ஏற்பி என்பார்கள். இனிப்புக்கு ஒரே ஒரு ஏற்பிதான், இரண்டு புரதங்கள் சேர்ந்த ஜோடி. கசப்புக்கோ சுமார் 25 வகை. சர்க்கரையை அடையாளம் காண ஒன்று போதும். செடிகளில் உள்ள நஞ்சுகள் பல உருவங்களில் வரும் என்பதால் கசப்புக்கு இத்தனை காவல். ஐந்தாவது சுவையான உமாமியை 1908-இல் ஜப்பானில் கிகுனே இகேதா கடற்பாசிக் குழம்பிலிருந்து பிரித்தெடுத்தார். பழுத்த தக்காளியிலும் காளானிலும் கருவாட்டிலும் நாம் ரசிப்பது அதைத்தான்.

நம்முடைய அறுசுவையை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் சுவாரசியமான ஒன்று தெரிகிறது. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு நான்கும் சுவை அரும்பின் வேலை. கார்ப்பும் துவர்ப்பும் தொடுவுணர்வின் பக்கம் சேர்ந்தவை. வாழைப்பூவிலும் கடுக்காயிலும் உள்ள டானின் என்ற பொருள் எச்சிலின் வழுவழுப்பான புரதங்களைப் பிடித்துக்கொள்வதால் நாக்கும் கன்னமும் உரசுகின்றன. அந்த உரசலே துவர்ப்பு உணர்வின் பெரும்பகுதி. காரம் சூட்டின் உணர்வு. மிளகாயின் கேப்சைசின் எந்தப் புரதத்தைத் திறக்கிறது என்பதை டேவிட் ஜூலியஸ் 1997-இல் கண்டார். சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் சூடு என்று நரம்புக்குச் சொல்லும் அதே புரதத்தைத்தான் மிளகாய் சாதாரண வெப்பத்திலேயே திறந்துவிடுகிறது. படபூட்டியனோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவர்தான். சுவை அரும்பே இல்லாத கண்ணிலும் மிளகாய் பட்ட கையிலும் எரிவது இதனால். பறவைகளின் அதே புரதம் கேப்சைசினுக்கு அசைவதில்லை. கிளி மிளகாய்ப் பழத்தைக் கொத்தித் தின்று விதையைப் பரப்புவது அதனால்தான். கேப்சைசின் தண்ணீரில் கரையாது. காரத்துக்குத் தயிர் நல்லது என்று வீட்டில் சொல்வது சரிதான்.

இனிப்பு, காரம், புளிப்பு எல்லாம் போக மீதி இருப்பது, அதாவது ரசத்தை ரசமாகவும் மாம்பழத்தை மாம்பழமாகவும் ஆக்குவது, பெரும்பாலும் மூக்கின் வேலை. மெல்லும்போது உணவின் ஆவி தொண்டையின் பின்வழியாக மேலே ஏறி மூக்கின் உச்சியை அடைகிறது. மூளை அதை வாயில் நடப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏலக்காய் மிட்டாயை வாயில் போடுங்கள், வெறும் இனிப்புதான் இருக்கும். விரலை எடுத்த நொடியில் ஏலக்காய் வந்து சேரும். சளி பிடித்தால் நாக்கு செத்துவிட்டது என்கிறோம், நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

மூக்கின் உச்சியில் சில சதுர சென்டிமீட்டர் சவ்வில் பல லட்சம் நரம்பு செல்கள் காற்றுக்கு நேராக நிற்கின்றன. மூளையோடு நேரடியாக இணைந்த நரம்பு வெளிக்காற்றில் படுவது இங்கே மட்டும்தான். 1991-இல் லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் மணத்துக்கான மரபணுக் குடும்பத்தை எலிகளில் கண்டுபிடித்தார்கள். 2004-இல் நோபல் பரிசு. மனிதனிடம் வேலை செய்பவை சுமார் 400. ஒரு செல்லில் ஒரு வகை ஏற்பிதான். ஒரு மணம் பல ஏற்பிகளை வெவ்வேறு அளவில் தட்டும், ஒரு ஏற்பி பல மணங்களுக்கு அசையும். 247 எழுத்துகளில் எத்தனை சொற்கள் எழுத முடிகிறதோ, அப்படித்தான் 400 ஏற்பிகளில் எண்ண முடியாத மணங்கள் பிறக்கின்றன.

மற்றப் புலன்களின் செய்தி தலாமஸ் என்ற இடைநிலையத்தைக் கடந்துதான் மூளைப் புறணிக்குப் போகும். மணம் முதலில் அந்த வழியில் போவதில்லை. மூக்கின் செய்தி முதலில் வந்து சேரும் மூளைப் பகுதியான முகர்வுக் குமிழிலிருந்து நேராக, உணர்ச்சிகளையும் நினைவுகளையும் கையாளும் பகுதிகளின் வாசலுக்கே போய்விடுகிறது. பழைய பீரோவைத் திறந்ததும் பாட்டியின் முகம் பெயருக்கு முன்பே வந்து நிற்பதற்கு இதை முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள்.

மனிதனுக்கு மோப்பம் குறைவு என்று 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே சொல்லிவருகிறோம். அது அவ்வளவு சரியில்லை. மழை விழுந்த மண்ணின் வாசனையில் முக்கியப் பங்கு ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் பாக்டீரியாக்கள் உருவாக்கும் அதை, லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். கலிபோர்னியாவில் சிலருடைய கண்ணையும் காதையும் மூடி, புல்வெளியில் இழுத்த சாக்லேட் மணக் கோட்டை மண்டியிட்டு மோந்தபடி தொடரச் சொன்னபோது, மூன்றில் இரண்டு பங்கினர் தொடர்ந்தார்கள். 2007-இல் வெளியான ஆய்வு அது. நம்மிடம் இருக்கும் திறமையை நாம் பயன்படுத்துவதில்லை, அவ்வளவுதான்.

2020-இல் கொரோனா வந்தபோதுதான் மணம் என்பது பேச்சுக்கு வந்தது. வைரஸ் முகர்வு நரம்பைவிட அதைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களையே அதிகம் தாக்கியது. துணைச் செல்லில்தான் வைரஸ் நுழையும் கதவு இருக்கிறது. பலருக்குச் சில வாரங்களில் மணம் திரும்பியது. சிலருக்குத் திரும்பும்போது திரிந்து திரும்பியது. காபி அழுகல் நாற்றம் அடித்தது, வெங்காயம் வதக்கும் இடத்தில் நிற்க முடியவில்லை. ஹெல்மெட் இல்லாமல் விழுந்து தலையில் அடிபட்டவர்களுக்கும் மணம் போவதுண்டு. மூக்குக்கும் மூளைக்கும் நடுவே சல்லடைபோல் துளைகள் உள்ள எலும்பின் வழியாகப் போகும் இழைகள் அந்த அதிர்ச்சியில் அறுந்துவிடும். பார்க்கின்சன் நோயில் கை நடுக்கம் தொடங்கப் பல ஆண்டுகள் முன்பே மணம் குறையலாம்.

முகர்வு நரம்புகள் வாழ்நாள் முழுக்கப் புதிதாக முளைப்பவை என்பதால் பயிற்சிக்கு இடம் இருக்கிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹம்மல் குழு 2009-இல் வெளியிட்ட முறையில் நான்கு மணங்கள்: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் சில நொடிகள் கவனத்தோடு முகர வேண்டும், 12 வாரம் விடாமல். எல்லாமே நம் வீட்டிலும் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைப்பவை, யூகலிப்டஸுக்கு நீலகிரித் தைலம் இருக்கிறது. எல்லோருக்கும் பலிப்பதில்லை, ஆனால் செலவும் ஆபத்தும் மிகக் குறைவு. ஒரு எச்சரிக்கை மட்டும். மணமே இல்லாதவருக்கும் தைலத்தின் சுரீர் என்ற குளிர்ச்சி தெரியும், அது மூக்கில் உள்ள தொடுவுணர்வு நரம்பின் செய்தி. தைலம் தெரிகிறதே என்று மணம் வந்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. கிராம்பும் எலுமிச்சையும் தெரிகிறதா என்று பாருங்கள்.

கண்ணுக்கும் காதுக்கும் நாம் தருகிற மரியாதையை இந்த மூன்றுக்கும் தருவதில்லை என்பதே என் ஆதங்கம். பள்ளியில் கண் பரிசோதனை முகாம் நடக்கிறது. மூக்கைப் பரிசோதிக்க யாரும் வருவதில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் உண்டு. தொழுநோயிலிருந்து குணமானவர்கள் அதில் இடம்பெற்றிருப்பது சரியான முடிவு. மணத்தை இழந்தவர்கள் அதில் இல்லை. அவர்கள் படும் பாடு வெளியே தெரியாது, கெட்டுப்போன பாலும் தீய்ந்த குழம்பும் அவர்களுக்குத் தெரியாது.

சமையல் வாயுவுக்கு இயல்பாக மணம் கிடையாது. 1937-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளியில் மணமில்லாத வாயு கசிந்து வெடித்ததில் கிட்டத்தட்ட 300 பேர், பெரும்பாலும் குழந்தைகள், இறந்தார்கள். அதன் பிறகு வாயுவில் நாற்றம் சேர்ப்பது சட்டமாகத் தொடங்கியது. நம் சிலிண்டரில் சேர்ப்பது எத்தில் மெர்காப்டன். அந்த ஏற்பாடு முழுக்க நம் மூக்கை நம்பியிருக்கிறது. வீட்டில் வயதானவருக்கு மணம் குறைந்திருந்தால், ஊதுபத்தியும் காபித்தூளும் தெரிகிறதா என்று ஒருமுறை கேளுங்கள். தெரியவில்லை என்றால் காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். சமையலறையில் வாயுக் கசிவு எச்சரிக்கைக் கருவி ஒன்றைத் தரையை ஒட்டிப் பொருத்துங்கள், சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும்.